கால் மீட்டருக்கு ஒரு வினாடி

(செம்பட்டியில் மாணவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், பெற்றோர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எனக்கு வலப்பக்கம் உத்திரத்துக் கொக்கியில் தொங்குவது தொட்டில் ஸ்பிரிங். இன்று காலையில்தான் கடைவீதியில் வாங்கினேன். உங்களில் பாதிப் பேர் இதில் தூங்கி வளர்ந்தவர்கள். மீதிப் பேர் இதில் பிள்ளையைத் தூங்கவைத்தவர்கள். மேலே இந்தச் சுருள், கீழே அம்மாவின் பழைய சேலை. நம் பக்கத்து வீடுகளில் இதைவிடப் பழக்கமான இயற்பியல் கருவி வேறு இல்லை. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது 5 கிலோ அரிசிப் பை. மாட்டுகிறேன். ஸ்பிரிங் நீண்டு நின்றுவிட்டது. முன்வரிசைத் தம்பி, ஸ்கேலை வைத்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுப்பா. 22 சென்டிமீட்டர். நல்லது. இப்போது லேசாக இழுத்து விடுகிறேன். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர்கள் 20 ஆட்டம் எண்ணுங்கள். 20 வினாடி வருகிறதா? அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஒரு வினாடி. இப்போது இரண்டு மடங்கு இழுத்து விடுகிறேன். மறுபடி எண்ணுங்கள். அதே 20 வினாடி.

தொட்டிலாட்டும் எந்தத் தாயும் இதை அறிவாள். எவ்வளவு பலமாக ஆட்டினாலும் தொட்டில் தன் நேரத்துக்குத்தான் திரும்பி வரும். அதை அவசரப்படுத்த முடியாது. நீண்ட தூரம் போனால் வேகமாகப் போகிறது, குறைந்த தூரம் போனால் மெதுவாகப் போகிறது. நேரம் மட்டும் மாறுவதில்லை. காரணம் ஒன்றே ஒன்று: எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கே ஸ்பிரிங்கும் திருப்பி இழுக்கிறது. இரண்டு மடங்கு விலகினால் இரண்டு மடங்கு விசை. இதைத்தான் பாடநூல் ஹூக் விதி என்கிறது. ராபர்ட் ஹூக் 1676-இல் இந்த விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற கவலை அவருக்கு. இரண்டாண்டுகள் கழித்து 1678-இல் தானே புதிரை அவிழ்த்தார். அவர் மனத்தில் இருந்தது கடிகாரம். தன் நேரத்தை மாற்றாத ஒரு பொருள் கிடைத்தால் அதை வைத்துக் காலத்தையே அளக்கலாம் அல்லவா?

இந்த விதியிலிருந்து வருகிற ஒரு சின்னக் கணக்கைச் சொல்லத்தான் இன்று வந்தேன். பளு எவ்வளவு என்று தெரிய வேண்டாம். ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்றும் தெரிய வேண்டாம். பளு ஏற்றியதும் எவ்வளவு தாழ்ந்தது என்பது தெரிந்தால் போதும். அந்தத் தாழ்வை மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். வருவதுதான் அலைவு நேரம், அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம், வினாடியில். கால் மீட்டர் தாழ்ந்தால் ஒரு வினாடி. 9 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 0.6 வினாடி. 4 சென்டிமீட்டருக்கு 0.4. ஒரு சென்டிமீட்டருக்கு 0.2. மாணவர்கள் இதைச் சூத்திரத்திலிருந்து தாங்களே வருவித்துப் பாருங்கள்; இரண்டு வரிதான். அந்த ‘இரண்டு’ என்ற எண் கச்சிதமாக வந்து விழுவது மீட்டர் என்ற அளவின் பிறப்போடு தொடர்புள்ளது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ‘வினாடி ஊசலின்’ நீளத்தையே மீட்டராக வைக்கலாம் என்று ஒரு காலத்தில் யோசித்தார்கள். 1791-இல் பிரெஞ்சு அறிஞர்கள் அதை விட்டுவிட்டுப் பூமியின் சுற்றளவிலிருந்து மீட்டரை எடுத்தார்கள். ஆனால் இரண்டு நீளமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டன.

சரி, நம் கணக்குப்படி 22 சென்டிமீட்டருக்கு 20 ஆட்டம் 18.8 வினாடியில் முடிந்திருக்க வேண்டும். நாம் எண்ணியதோ 20. அந்த 1.2 வினாடி எங்கே போனது? கையில் வைத்திருங்கள், அதற்குத் திரும்பி வருகிறேன்.

அதற்குள் பையைப் பாருங்கள். மேலும் கீழும் மட்டுமே ஆட விட்டேன். இப்போது தானாகவே பக்கவாட்டில் ஊசலாடுகிறது! இன்னும் கொஞ்ச நேரத்தில் பக்க ஆட்டம் அடங்கி மறுபடி மேலும் கீழும் ஆடும். காற்று தள்ளவில்லை. கொக்கியிலிருந்து பையின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு ஓர் ஆட்டம் இரண்டு வினாடி. அதே கணக்குதான், தாழ்வுக்குப் பதில் நீளம். ஸ்பிரிங் ஆட்டமோ ஒரு வினாடி. ஒன்று மற்றொன்றுக்குச் சரியாக இரண்டு மடங்காக இருக்கும்போது, ஒரு வகை ஆட்டம் தன் ஆற்றலை இன்னொன்றுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். 1933-இல் விட், கோரெலிக் என்ற இரு சோவியத் இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். உங்கள் வீட்டுத் தொட்டில் இப்படிக் குணம் மாறுவதைப் பார்த்திருந்தால், காரணம் இதுதான்.

இனி வெளியே சாலைக்கு வருவோம். திண்டுக்கல், வத்தலகுண்டு, பழனி, மதுரை என்று நாலு பக்கத்து வண்டிகளும் கடந்துபோகிற சந்திப்பு இது. பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஸ்பிரிங் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியின் பின்னச்சுக்கு மேலே பட்டைகளை அடுக்கி, நடுவே சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் இறுக்கியிருப்பார்களே, அதுவும் தொட்டில் ஸ்பிரிங்கும் ஒரே குடும்பம்.

காலி லாரி ஏன் அப்படித் தூக்கிப் போடுகிறது? முழுப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்று கெட்டியான பட்டை வைக்கிறார்கள். பாரம் ஏற்றினால் அது 9 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் 0.6 வினாடி. பாரத்தை இறக்கிவிட்டால் வண்டியின் சொந்த எடைக்கு ஒரு சென்டிமீட்டர்தான் தாழ்வு, ஆட்டம் 0.2 வினாடி, அதாவது வினாடிக்கு ஐந்து. இங்கேதான் உடம்பு மாட்டிக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வில் மிக அதிகம் துன்பப்படுவது வினாடிக்கு நான்கு முதல் எட்டு ஆட்டம் வரை உள்ள எல்லையில். வயிறும் நெஞ்சுக்கூடும் முதுகெலும்பும் அந்த வேகத்துக்கு இசைந்து ஆடுகின்றன. காய்கறியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இரவெல்லாம் திரும்பி வரும் ஓட்டுநர், முதுகுவலி என்று சொல்லும்போது அது சோம்பலோ வயதோ என்று யாரும் நினைக்கக் கூடாது. பாரத்தோடு போகும்போது வண்டி அவரைத் தாங்குகிறது. காலியாக வரும்போது அவர் உடம்பு வண்டியைத் தாங்குகிறது.

ஒட்டன்சத்திரம் சந்தைக்காரர்கள் தக்காளிப் பெட்டியில் இன்னொன்றைப் பார்த்திருப்பார்கள். அதிர்வால் அதிகம் அடிபடுவது மேலடுக்குப் பழம். கீழே இருப்பது நசுங்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். பாரத்தால் நசுங்குவது வேறு, அதிர்வால் கன்றிப்போவது வேறு. மேலே இருக்கும் பழத்தின்மீது அழுத்தம் இல்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அது எழும்பி, உருண்டு, பக்கத்துப் பழத்தில் உரசுகிறது.

சாலையில் பத்து மீட்டருக்கு ஒரு மேடு இருப்பதாக நினையுங்கள். வண்டி 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்குப் பத்து மீட்டர். வினாடிக்கு ஒரு மேடு. வண்டியின் சொந்த ஆட்டமும் ஒரு வினாடி என்றால், ஒவ்வொரு மேடும் தொட்டிலைச் சரியான நேரத்தில் தள்ளும் கையாகிவிடும். ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அனுபவமுள்ள ஓட்டுநர் அந்த இடத்தில் வேகத்தை மாற்றுகிறார். ஒத்ததிர்வு என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதிலிருந்து விலகத் தெரியும்.

ஆட்டம் ஏறினால் அதை அடக்கவும் ஏதாவது வேண்டும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. அதனால் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் தேவை. பட்டைக் கட்டில் பட்டையோடு பட்டை உரசுவதே கொஞ்சம் அடக்குகிறது. ஆனால் அந்த உரசலுக்கு அளவு உண்டு. பத்துப் பட்டைகள் தாராளமாக வழுக்கினால் கெட்டித்தன்மை ஒரு பட்டையைப் போலப் பத்து மடங்கு. அதே பத்தும் துருவேறி ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டால், கணக்குப்படி ஒரு பட்டையைப் போல ஆயிரம் மடங்கு! வளைவதற்கான எதிர்ப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. உண்மையான வண்டியில் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் பட்டைக்கு இடையில் கிரீஸ் வைக்கச் சொல்லும் மெக்கானிக் செலவு வைக்கப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். அவர் அந்த மும்மடியைத் தடுக்கிறார்.

ஸ்பிரிங் வண்டியில் மட்டும் இல்லை. தை மாதம் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தில் தோளில் மூங்கில் தண்டும் இரு முனையிலும் பாரமுமாகப் போகிறவர்களைக் கவனியுங்கள். தண்டு வளைந்து வளைந்து நிமிரும். நடக்கும் கால் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறது. பாரத்தோடு தண்டின் ஆட்டம் அதைவிட நன்றாக மெதுவாக இருந்தால், உடம்பு ஏறி இறங்கினாலும் பாரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து வரும். 1991-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ராட்ஜர் கிராம், வளையும் பிளாஸ்டிக் குழாய்களில் பாரம் கட்டித் தோளில் வைத்து ஓடவிட்டு அளந்தார். உடல் செலவழிக்கும் ஆற்றல் குறையவில்லை. ஆனால் தோளில் விழும் உச்ச விசை வெகுவாகக் குறைந்தது. களைப்பைத் தண்டு வாங்கிக்கொள்வதில்லை, இடியை வாங்கிக்கொள்கிறது.

இப்போது இரும்பு. பட்டறைத் தம்பிகளுக்கு இது நேரடியாகப் பயன்படும் என்பதால் நின்று சொல்கிறேன்.

உடைந்த லாரிப் பட்டையைக் கொல்லுப் பட்டறையில் யாரும் எறிய மாட்டார்கள். அரிவாளாகும், கத்தியாகும். காய்ச்சி அடித்து உருவம் கொண்டுவந்து, கடைசியில் காய்ச்சிக் குளிர்வித்துத் துவைச்சல் போடுவார்கள். ‘துவைச்சல் போட்டதும் இரும்பு கெட்டியாகிவிட்டது’ என்று சொல்வது வழக்கம். இந்தக் ‘கெட்டி’ என்ற சொல்லுக்குள் இரண்டு குணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஒரு பாரத்துக்கு எவ்வளவு வளைகிறது என்பது. மற்றொன்று, எவ்வளவு தூரம் வளைந்தபின்னும் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது என்பது. துவைச்சல் முதல் குணத்தை மாற்றுவதே இல்லை. சாதாரண கட்டடக் கம்பியும் விலையுயர்ந்த ஸ்பிரிங் எஃகும் ஒரே அளவாக இருந்தால், ஒரே பாரத்துக்கு ஒரே மாதிரிதான் வளையும். யங் குணகம் இரண்டுக்கும் ஒன்றே, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. மாறுவது மீட்சி எல்லை. ஒரு மீட்டர் நீளச் சாதாரண இரும்புக் கம்பியை ஒன்றேகால் மில்லிமீட்டர் வரை இழுத்துவிட்டால் திரும்பும். அதற்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான். பதமாகக் காய்ச்சிக் குளிர்வித்த ஸ்பிரிங் எஃகு ஆறு மில்லிமீட்டர் வரை இழுத்தாலும் திரும்பிவிடும். ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. சேமிக்கும் ஆற்றல் அதன் வர்க்கத்தில் ஏறுவதால் இருபது மடங்குக்கும் மேல்.

பதினோராம் வகுப்பில் ‘ரப்பரைவிட எஃகுக்கு மீட்சித்தன்மை அதிகம்’ என்று படித்துவிட்டுக் குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. ரப்பர் பல மடங்கு நீண்டு திரும்புகிறதே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பாடநூல் சொல்வது முதல் குணத்தை. பிள்ளை பார்ப்பது இரண்டாவதை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துச் சொல்லித்தந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொடுங்கள்.

மீட்சி எல்லைக்குள்ளேயே இருந்தாலும் லட்சக்கணக்கான முறை வளைந்தால் எஃகு களைத்துப்போகும். பட்டை பெரும்பாலும் எங்கே உடைகிறது? சென்டர் போல்ட் துளையில். துளையைச் சுற்றித் தகைவு குவிகிறது. அங்கே மயிரிழை விரிசல் தொடங்கி ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் வளர்கிறது. தொட்டில் ஸ்பிரிங்கில் அந்த இடம், சுருள் திரும்பிக் கொக்கியாக வளையும் முனை. இங்கே இருக்கும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங்குக்குள்ளே தளர்வாக ஒரு பலமான கயிற்றை ஓட்டி, மேல் கொக்கியையும் கீழ்த் தொட்டிலையும் இணைத்துக் கட்டுங்கள். ஸ்பிரிங் நீளும் அளவுக்குக் கயிற்றில் இடம் விடுங்கள். முனை ஒருநாள் உடைந்தாலும் பிள்ளை கயிற்றில் நிற்கும். மூத்த பிள்ளைக்கு வாங்கிய ஸ்பிரிங்கை மூன்றாவது பிள்ளைக்கும் கட்டும்போது அந்த வளைவை விரலால் தடவிப் பாருங்கள்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. உள்ளே லீவர்கள், ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் விலகும். அந்த ஸ்பிரிங் ஆட வேண்டியதில்லை, திரும்பி வந்தால் போதும். ஒவ்வொரு முறையும், அதே இடத்துக்கு.

தொட்டிலுக்கும் லாரிக்கும் ஓர் ஆட்டம் என்று பேசிக்கொண்டு வந்தோம். பறையின் தோலுக்கு அப்படியில்லை. பறையடிப்பவர்கள் முதலில் அதைத் தீயில் காட்டுவார்கள். ஈரம் ஏறித் தளர்ந்த தோல் காய்ந்து இறுகும். இழுவிசை ஏறினால் சுருதி ஏறும். இழுத்துக் கட்டிய வெறும் தோல் ஒரே நேரத்தில் பல வேகங்களில் ஆடுகிறது. முதல் ஆட்டம் ஒன்று என்றால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14 என்று முழு எண்ணில் அடங்காமல் போகும். பறையின் அந்த அடர்ந்த முழக்கம் அதிலிருந்தே வருகிறது. அதற்கு அதுவே அழகு. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை அப்புகிறார்களே, அந்தக் கருப்பு வட்டம் தோலின் நடுவில் பளுவைக் கூட்டி ஆட்டங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன் இதைக் கண்டு, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக எழுதினார். ராமன் கண்டது அதற்கான விளக்கத்தை. அந்தப் பளுவை எவ்வளவு, எங்கே, எந்தக் கனத்தில் அப்ப வேண்டும் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்தவர்கள் மிருதங்கம் செய்யும் தொழிலாளர்கள், அவருக்கு நெடுங்காலம் முன்பே. அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இனி அந்த 1.2 வினாடி.

தம்பி, பையில் இன்னும் ஒரு கிலோ சேர்க்கிறேன். எவ்வளவு கூடுதலாகத் தாழ்ந்தது? 5 சென்டிமீட்டர். அப்படியானால் 5 கிலோவுக்கு 25 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நாம் பார்த்தது 22. இந்த ஸ்பிரிங்கைச் சுற்றும்போதே சுருளோடு சுருளை நெருக்கி அழுத்திச் சுற்றிவிட்டார்கள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் பளு விழும்வரை இது வாயே திறக்காது. அந்த 3 சென்டிமீட்டரைச் சுருளுக்குள்ளேயே விழுங்கி வைத்திருக்கிறது. 25 என்று போட்டால் கணக்கு ஒரு வினாடியைச் சரியாகக் காட்டுகிறது. தாழ்வு நம்மைக் கொஞ்சம் ஏமாற்றியது, ஆட்டம் ஏமாற்றவில்லை.

ஆட்டம் ஏமாற்றாதது சின்ன விஷயம் அல்ல; ஊசலின் ஆட்டம்கூட இடத்துக்கு இடம் மாறும். சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் வினாடி ஊசலின் நீளத்தை அளந்தார். 39 அங்குலத்துக்குச் சற்றே மேல் வந்தது. லண்டனில் கேட்டர் என்பவர் அளந்தது அதைவிட ஏறக்குறைய பத்தில் ஓர் அங்குலம் நீளம். பூமி நம் பக்கத்தில் சற்று மெதுவாக இழுக்கிறது. லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை அப்படியே சென்னையில் மாட்டினால், வெப்பத்தால் கம்பி நீள்வதை விட்டுவிட்டாலும், நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். தொட்டில் ஸ்பிரிங்குக்கு அந்தக் கவலை இல்லை. நிலவுக்கு எடுத்துப்போனால் பையின் எடை ஆறில் ஒரு பங்குதான். ஆட்டம் அதே ஒரு வினாடி. ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது பையின் நிறையும் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையும் மட்டுமே.

அங்கன்வாடியில் பிள்ளையை ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்க்கிறோம். விண்வெளியில் சுற்றும் நிலையத்தில் எதுவும் தாழாது, முள் அசையாது. அங்கே போனவர்கள் உடல் இளைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் ஸ்பிரிங் பொருத்திய நாற்காலி ஒன்றை வைத்தார்கள். வீரர் அதில் இறுகக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவார். கருவி நேரத்தை அளக்கும். அலைவு நேரத்தின் வர்க்கம் நிறைக்கு நேர்விகிதம். தொட்டிலையே எடைக்கல் இல்லாத தராசாக மாற்றிவிட்டார்கள்.

அரிசிப் பையை இறக்கிவிட்டு இன்னொரு பையை மாட்டுகிறேன். இதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு எடை என்று எனக்கும் தெரியாது. இங்கிருக்கும் ஆசிரியர் ஒருவர் கட்டிக் கொடுத்தது. 5 கிலோவுக்கு 20 ஆட்டம் 20 வினாடி என்பது நம் கையில் இருக்கிறது. எல்லோரும் செல்போனை எடுங்கள். லேசாக இழுத்து விடுகிறேன். எண்ணுங்கள்... பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எவ்வளவு? 24 வினாடி. தராசு பக்கத்து அறையில் இருக்கிறது. பையை அங்கே தூக்கிப் போவதற்குள் விடையை எழுதிவிடுங்கள்.